செல்லப் பிராணியின் முகத்தை வாழ்த்து அட்டையில் கையால் தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழ்த்து அட்டையின் முகப்பில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, அதற்குள் வீட்டு நாயின் முகத்தையோ பூனையின் முகத்தையோ கையால் தைத்துப் பொருத்துவது பற்றிய பக்கம் இது. கற்றுக்கொள்ள வருகிறவர்களும், செய்து தரச் சொல்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். துணியில் தைத்து அட்டையில் வைப்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறேன். அட்டையிலேயே நேராகத் தைப்பது பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

எம்பிராய்டரியில் எனக்கு ஆரம்பப் பாடம்தான் தெரியும். இதைத் தொடலாமா?

தொடலாம். ஓட்டுத் தையல், பின் தையல், காம்புத் தையல் வரும் என்றால் போதும். புதிதாகக் கற்க வேண்டியதில் முக்கியமானது, நீளமும் குட்டையுமாகத் தைத்து முடியை நிரப்புகிற ‘லாங் அண்ட் ஷார்ட்’தான். மற்றவை சின்னத் தையல்கள், வருகிற இடத்தில் சொல்கிறேன். ஆனால் முதல் மாடலை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். குட்டை முடி, இரண்டு மூன்று நிறம், தெளிவான காது இருக்கிற பிராணி நல்லது. நம் தெருவில் திரிகிற செவலை நாட்டு நாய் மாதிரி வசதியான மாடல் கிடைக்காது. பொமரேனியன், பெர்சியன் பூனை, முழுக் கருப்பு, முழு வெள்ளை, இவற்றையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

எப்படிப்பட்ட போட்டோ வேண்டும்?

பிராணியின் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுத்தது. நின்றபடி மேலிருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகவும் நெற்றி சின்னதாகவும் வந்து, எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் வேறு நாயாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழும்படி எடுங்கள். ஃபிளாஷ் கூடாது. நாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் உண்டு. ஃபிளாஷ் பட்டால் அது பச்சையாகவோ மஞ்சளாகவோ பளிச்சிட்டு, கண்ணின் உண்மையான நிறமே தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழிக்கும் அதைச் சுற்றியுள்ள நிறத்துக்கும் நடுவே எல்லை தெரிந்தால் அந்தப் படம் தைக்க உதவும். தெரியாவிட்டால் வேறு படம் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

முழு உடம்பும் வேண்டும் என்கிறார்கள். முடியுமா?

அட்டை அளவில் வேண்டாம். ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்குள் முழு நாய் நின்றால் அதன் கண் ஒரு குத்துப் புள்ளிதான். அதே இடத்தில் முகம் மட்டும் என்றால் ஒவ்வொரு கண்ணும் நான்கைந்து மில்லிமீட்டர் வரும். அதில் கருவிழி, நிறம், இமை, வெளிச்சப் பொட்டு நான்கும் பிடிக்கும். உடம்பு வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டால், முகத்தை நிரப்பித் தைத்து, கழுத்துக்குக் கீழே ஒற்றைக் கோடாக விட்டுவிடுவேன். அது உண்மையில் அழகாகவே இருக்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

துணி: நெருக்கமாக நெய்த பருத்தி. பாப்ளின், கேம்பிரிக், மெல்லிய லினன் எல்லாம் சரி. கஞ்சி போகத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வளையத்தில் ஏற்ற வேண்டும். புடவை ஃபால்ஸ் துணி, பாலியஸ்டர் கலந்த ரவிக்கைத் துணி எல்லாம் வழுக்கும், ஊசித் துளையும் தெரியும். துணி ரொம்ப மெல்லிசாக இருந்தால் அடியில் இன்னொரு மல் துணியைச் சேர்த்து இரண்டடுக்காகத் தைக்கலாம். பின்பக்க நூல் முன்னால் தெரியாமல் இருக்கவும் அது உதவும்.

வளையம்: 5 அங்குலம். படத்தைவிட வளையம் நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும், தைத்த முகத்தின் மேலேயே வளையம் அழுந்தக் கூடாது. உள் வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிவிட்டால் துணி நழுவாது.

ஊசி: எம்பிராய்டரி ஊசி 10ஆம் எண். எண் கூடக் கூட ஊசி மெலியும். கண் தைக்க இந்த மெல்லிய ஊசி இல்லாமல் முடியாது.

நூல்: ஆறிழைப் பருத்தி நூல். அதிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி எடுத்துத் தைக்க வேண்டும். ஒரு கட்டில் 8 மீட்டர் இருக்கும், ஆறு இழைக்கு 48 மீட்டர். ஓர் அட்டைக்கு எந்த நிறத்திலும் அவ்வளவு ஆகாது, அதனால் நிறத்துக்கு ஒரு கட்டு தாராளம். ஒரு தடவைக்கு ஒரு முழம் நூல் போதும். அதற்கு மேல் நீளமாக எடுத்தால் துணிக்குள் போய்ப் போய் வந்து நூல் பஞ்சாகிவிடும்.

ஆங்கர் நல்லதா, டிஎம்சி நல்லதா?

இரண்டு கம்பெனி நூலும் நல்லது. நம் ஊர்க் கடைகளில் ஆங்கர் சுலபமாகக் கிடைக்கும். டிஎம்சியைப் பெரும்பாலும் ஆன்லைனில்தான் தேட வேண்டும். ஒன்றின் எண்ணும் மற்றதன் எண்ணும் வேறு. மாற்று அட்டவணைகள் கிடைக்கும், ஆனால் அவை ‘கிட்டத்தட்ட’தான். ஒரே முகத்துக்குள் இரண்டு கம்பெனியையும் கலக்கலாம், தப்பில்லை. பெயர் தெரியாத மலிவு நூல் மட்டும் வேண்டாம். சாயம் இறங்கினால் அத்தனை வேலையும் போச்சு.

படத்தைத் துணிக்கு எப்படி மாற்றுவது?

ஜெராக்ஸ் கடையில் தேவையான அளவுக்குக் குறைத்து இரண்டு பிரின்ட் எடுங்கள், ஒன்று கலர், ஒன்று கருப்பு வெள்ளை. பகலில் ஜன்னல் கண்ணாடியில் பிரின்ட்டை ஒட்டி, அதன் மேல் துணியை வைத்துக் கோடு இழுப்பதுதான் எளிய வழி. கருப்புத் துணி என்றால் பிரின்ட்டுக்கும் துணிக்கும் நடுவே மஞ்சள் கார்பன் தாளை வைத்து வரையுங்கள்.

எல்லாவற்றையும் வரைய வேண்டாம். முகத்தின் எல்லை, காது, கண், மூக்கு, வாய்க்கோடு, நிறம் மாறும் இடங்கள், அவ்வளவுதான்.

எதில் வரைவது? தண்ணீரில் அழியும் பேனா என்றால், மை முழுக்கப் போகும்வரை இஸ்திரி படக் கூடாது. சூடு பட்டால் அந்த மை துணியிலேயே தங்கிவிடலாம். சூட்டில் மறைகிற பேனாவுக்கு நேர் எதிர்க் குணம். 60 டிகிரியில் மறையும், உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழே போனால் திரும்பத் தலைகாட்டும். மதுரையில் அந்தக் கவலை இல்லை. ஜனவரியில் டொரன்டோவில் இருக்கிற அக்காவுக்கு அனுப்புவதாக இருந்தால் யோசியுங்கள். சீவிய பென்சிலால் மெல்லிசாக வரைந்து, கோட்டை நூலால் மூடிவிடுவதுதான் எனக்குப் பிடித்தது.

நூலைக் கோர்க்கும் முன் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கருப்பு வெள்ளை பிரின்ட்டை எடுத்து, முகம் முழுக்க அம்புக்குறி போடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்பதற்கான அம்பு. மாடு வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பார்கள் அல்லவா, அதே கண்ணோடு பார்க்க வேண்டும். நாய்க்கும் நெஞ்சில் சுழி உண்டு. முகத்தில் முடி மூக்கு நுனியிலிருந்து கிளம்பி மேலும் பின்னும் போகும். மூக்குத் தண்டில் மிகக் குட்டையாக மேல்நோக்கிப் போய், இரண்டு கண்ணுக்கும் நடுவே விசிறி மாதிரி விரிந்து நெற்றியில் ஏறும். வாயின் இரு பக்கமும் சரிந்து கன்னத்துக்குப் போகும். கண்ணைச் சுற்றி, கண்ணைவிட்டு வெளியே பார்த்தபடி இருக்கும். காதில் அடியிலிருந்து நுனிக்கு. கன்னத்திலிருந்து கழுத்துக்குக் கீழ்நோக்கி.

இந்த அம்புகள் சரியாக இருந்தால் மூன்றே நிறத்தில் தைத்தாலும் நாய் நாயாக இருக்கும். தவறினால் முப்பது நிறம் போட்டாலும் பொம்மைதான். பார்க்கிறவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்பார்.

பிரின்ட்டில் மட்டும் போதாது. துணியிலும் பென்சிலால் சின்னச் சின்னக் கோடாக அதே போக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். தைக்கும்போது அம்புகளைத் தேடி ஒவ்வொரு முறையும் பிரின்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

‘லாங் அண்ட் ஷார்ட்’ எப்படிப் போடுவது? எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் வரிசையில் ஒரு நீளத் தையல், ஒரு குட்டைத் தையல் என்று மாற்றி மாற்றி. அடுத்த வரிசையிலிருந்து ஏறக்குறைய ஒரே நீளம்தான், ஆனால் முந்தைய வரிசையின் தையலுக்குள் மூன்றில் ஒரு பங்காவது ஊடுருவிப் போக வேண்டும். நூலையே பிளந்துகொண்டு ஊசி இறங்கினால் நல்லது, அப்போதுதான் இரண்டு நிறமும் கலந்து தெரியும். வரிசை வரிசையாக அடுக்கினால் படிக்கட்டு தெரியும். நீளத்தை வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் போடுங்கள்.

ஆரம்பம் எங்கே என்றால், ஓட்டு வீட்டுக்குக் கூரை வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ் வரிசை ஓட்டைப் போட்ட பிறகுதான் மேல் வரிசை அதன் மேல் ஏறி உட்காரும். முடியும் அப்படித்தான் படிந்திருக்கிறது, மூக்கருகே இருக்கிற முடி பின்னால் இருப்பதன் மேல் கிடக்கிறது. அதனால் முகத்தின் வெளி ஓரத்திலிருந்து ஆரம்பித்து மூக்கை நோக்கி வர வேண்டும். தையலின் நீளம் மூக்குத் தண்டில் 2 மில்லிமீட்டர், கன்னத்தில் 5, கழுத்தில் 8 வரை போகலாம்.

கண் மட்டும் இந்த வரிசைக்கு விதிவிலக்கு. அதை எல்லாவற்றுக்கும் முதலில் தைத்துவிடுங்கள். சரியாக வராவிட்டால் பிரித்துவிடலாம், அதிகம் நஷ்டமில்லை. கன்னமெல்லாம் முடிந்த பிறகு கண்ணைப் பிரிப்பது வேதனை.

எத்தனை நிறம் வேண்டும்?

ஒரு செவலை நாய்க்கு ஐந்து. கடையில் நின்று நிறத்தைப் பார்க்காதீர்கள், கருமையைப் பாருங்கள். போனில் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றினால் எங்கே கருமை, எங்கே நடுத்தரம், எங்கே வெளிச்சம் என்று தெரியும். வாங்கப் போகிற நூல்களையும் வரிசையாக வைத்து அதேபோல ஒரு கருப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டு நூல் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அதில் ஒன்று வீண் செலவு.

டிஎம்சியில் 433, 434, 435, 436, 437, 738, 739 என்று பழுப்பிலிருந்து கிட்டத்தட்ட பால் நிறம்வரை ஒரு குடும்பமே படிப்படியாக இறங்குகிறது. அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்று எடுத்து, மூக்குக்கும் கண்ணோரத்துக்கும் 3371 என்கிற கருத்த பழுப்பைச் சேர்த்தால் நாட்டு நாய் தயார். ஆங்கரில் எண் வேறு, அதே மாதிரியான இறக்கத்தைக் கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம்.

எங்கள் நாய் முழுக் கருப்பு. தைத்தால் ஓட்டை மாதிரி தெரிகிறது.

எல்லாரும் சிக்குகிற இடம் இது. கருப்பு நாய் முகத்தில் உண்மையான கருப்பு கொஞ்சம்தான், அதாவது மூக்குத் துளை, கருவிழி, காதுக்கு அடியில் விழுகிற நிழல். மற்ற இடமெல்லாம் வெளிச்சம் பட்ட கருப்பு. வெயிலில் நின்றால் பழுப்பு ஓடும், நிழலில் நின்றால் வானத்தின் நீலச் சாம்பல் ஓடும். எது உங்கள் படத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் போங்கள். சாம்பல் வழி என்றால் டிஎம்சி 3799, 413, 317, உச்சியில் ஒரு துளி 318. சுத்தக் கருப்பான 310ஐக் கடைசியில் எடுங்கள், குறைவாக எடுங்கள். கண்ணில் வெளிச்சப் பொட்டு இல்லையென்றால் கருப்பு நாய்க்கு முகமே இல்லை.

கன்னி இன நாய்க்கு இந்தத் தொல்லை குறைவு. கருப்பு உடம்பில் கண்ணுக்கு மேல் பழுப்புப் பொட்டும், கன்னத்தில் பழுப்பும் அதுவே வழிகாட்டிவிடும்.

வெள்ளைக்கு?

துணியை மாற்றுங்கள். ராஜபாளையம் நாயை வெள்ளைத் துணியில் தைப்பது கண்ணுக்குத் தண்டனை. மங்கிய நீலம், கிளிப்பச்சையில் வெளிறியது, காடா துணியின் மண் நிறம், இதில் எதுவும் சரி. நிழலுக்கு 762, 415 மாதிரி வெளிர் சாம்பல், கதகதப்பான வெளிச்சம் என்றால் 739. ராஜபாளையத்தின் மூக்கு ரோஜா நிறம், அதைக் கருப்பாகத் தைத்துவிட்டால் வளர்த்தவர் மன்னிக்க மாட்டார்.

பூனைக்குத் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

செம்பூனை என்றால் கோடு இல்லாமல் விடாதீர்கள். ஆரஞ்சு நிறப் பூனைக்கு எங்காவது கோடு இருந்தே தீரும். நெற்றியில் ஆங்கில ‘எம்’ எழுத்து மாதிரி ஒரு குறியும் இருக்கும். முதலில் அடி நிறத்தை நிரப்பிவிட்டு அப்புறம் கோட்டை மேலே போடாதீர்கள், கோடு தனியாகத் துருத்தி நிற்கும். முடி படிகிற அதே திசையில், நிரப்பிக்கொண்டே வரும்போதே நிறத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். டிஎம்சி 400, 301, 3776, 402 நல்ல வரிசை.

கருவிழி: நல்ல வெயிலில் செங்குத்துக் கீற்று, மங்கிய இடத்தில் வட்டம். படத்தில் எப்படியோ அப்படி. கீற்றாக இருந்தால் பூனை கறாராகத் தெரியும், வட்டமாக இருந்தால் குழந்தையாகத் தெரியும். அனுப்பப்போகிறவருக்கு எந்தப் பூனையைப் பிடிக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்று நிறப் பூனை அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். அட்டைக்குள் ‘எங்கள் வீட்டுப் பையன்’ என்று எழுதுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண் எவ்வளவு தைத்தாலும் உயிரில்லாமல் இருக்கிறது.

மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, விழியின் நிறம் முழுக்க ஒரே நூலாக இருக்கக் கூடாது. மேல் இமையின் நிழல் விழுவதால் மேல்பாதி கருமையாகவும், கீழ்ப்பாதி வெளிச்சமாகவும் இருக்கும். இரண்டு நூல் போதும். நடுவிலிருந்து வெளியே ஆரம் ஆரமாகக் குட்டித் தையல்கள்.

இரண்டு, வெளிச்சப் பொட்டு. ஒற்றை இழை வெள்ளையில் ஒரே ஒரு குட்டித் தையல். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும், கடிகாரத்தில் பத்து மணி என்றால் இரண்டிலும் பத்து மணி. ஒரு கண்ணில் பத்து, மறு கண்ணில் இரண்டு என்று போட்டால் மாறுகண் மாதிரி தெரியும். ஊசியில் நூலைச் சுற்றிப் போடுகிற பிரெஞ்சு முடிச்சு வேண்டாம், உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. கண் பாதி, இமை பாதி. கண்ணைச் சுற்றிக் கருத்த ஓரம், அதற்கு வெளியே ஒரு வெளிறிய ஓரம், அதற்கப்புறம்தான் முடி. கருத்த ஓரத்தை ஒற்றை இழையில் பிளவுத் தையலாக, அதாவது முந்தைய தையலின் நூலைப் பிளந்துகொண்டு ஊசி மேலே வரும்படி போடுங்கள். மேலே கொஞ்சம் தடிமன், கீழே மெல்லிசு. மனிதக் கண் மாதிரி வெள்ளை விழி வைக்கிற பழக்கம் வேண்டாம். நேராகப் பார்க்கும் நாயிடம் வெள்ளை தெரிவது அபூர்வம், தெரிந்தால் பயந்த நாயாக இருக்கும்.

மூக்கும் மீசையும்?

மூக்குக்குச் சாட்டின் தையல், அதாவது இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் போடுகிற நேர்த் தையல்கள். மேல் விளிம்பில் வெளிர் சாம்பலில் இரண்டு மூன்று இழை வைத்தால் ஈரம் தெரியும். மீசை கடைசி வேலை, மற்றதெல்லாம் முடிந்து இஸ்திரியும் ஆன பிறகு. ஒற்றை இழையை மெழுகில் ஒரு தடவை இழுத்துவிட்டு, நீளமாக ஒரே தையலாகப் போட்டு, நடுவில் சாதாரணத் தையல் நூலால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிடி போடுங்கள். இல்லையென்றால் தொங்கும். பக்கத்துக்கு நான்கு போதும்.

எல்லாம் சொன்னபடி செய்தேன். ஆனால் ‘எங்கள் ஜிம்மி இது இல்லை’ என்கிறார்கள்.

அந்த நாய்க்கு மட்டும் இருக்கிற அடையாளம் எது என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஒரு காது மடிந்திருக்கும், மூக்கில் ஒரு வெட்டு இருக்கும், நாக்கு நுனி எப்போதும் ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும். வளர்த்தவர் அதைத்தான் தேடுவார். ஆர்டர் வாங்கும்போதே ‘கூட்டத்தில் இருந்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?’ என்று கேட்டுவிடுங்கள். அந்த ஓர் இடத்தை அரை மில்லிமீட்டர் மிகைப்படுத்தினாலும் பரவாயில்லை. கண்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் பிரின்ட்டோடு ஒருமுறை அளந்து பாருங்கள், வரையும்போது நழுவுவது பெரும்பாலும் அதுதான்.

ஆரி ஊசியில் செய்யலாமா? எனக்கு அதுதான் வேகமாக வரும்.

ஆரிக்கு இயல்பாக வருவது சங்கிலித் தையல். முகத்தை அதில் நிரப்பினால் முடி பின்னல் போட்டதுபோல் இருக்கும். ஆரியிலேயே லாங் அண்ட் ஷார்ட் போடுகிற கைத்தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், ரவிக்கை முதுகில் மயில் கழுத்தெல்லாம் அப்படித்தான் வருகிறது. ஆனால் நான்கு மில்லிமீட்டர் கண்ணுக்கு அது தோதில்லை. முகத்தைக் கை ஊசியில் முடித்துவிட்டு, சுற்றிலும் பூவேலைப்பாடு வேண்டுமென்றால் ஆரியில் போடுங்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் காளையை அட்டையாகத் தர முடியுமா?

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. மாட்டுக்கு முடி குட்டை, அதனால் தையல் 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நெற்றிச் சுழியைக் கட்டாயம் வையுங்கள், அங்கிருந்துதான் முகத்தின் முடி நாலாபக்கமும் பிரிகிறது. கருவிழி படுத்தவாக்கில் நீளம், ஆட்டுக்கும் அப்படித்தான். கொம்பை வளைவின் குறுக்கே நிரப்பாமல் நீளவாக்கில் காம்புத் தையல் வரிசைகளாகப் போட்டால் வளையம் வளையமாகத் தெரியாமல் உருண்டு நிற்கும். காரி, மயிலை, செவலை எதுவானாலும் சரி, ஆனால் முழு உருவமும் திமிலும் கேட்டால் அட்டையைப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

பெயரைத் தமிழில் தைக்கலாமா?

தாராளமாக. எழுத்து உயரம் 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ‘ணி’, ‘ஜூ’ மாதிரி சுழிகள் அடைத்துக்கொள்ளும். இரண்டிழையில் பின் தையல், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர். முடிந்ததும் அதே நூலைத் தையல்களுக்கு அடியில் விட்டு விட்டுச் சுற்றிக்கொண்டே போனால் வளைவுகள் முனை இல்லாமல் வழவழப்பாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பிரெஞ்சு முடிச்சு. கண்ணுக்குக் கூடாது என்றேன், இங்கே அது கச்சிதம்.

துணி சுருங்கிக்கொள்கிறது.

வளையத்தில் துணியை விரலால் சுண்டினால் டப்பென்று சத்தம் வர வேண்டும். தைக்கத் தைக்கத் தளரும், அவ்வப்போது இழுத்து இறுக்குங்கள். குறுக்கே இழுக்காமல், நெசவு போகிற நேர்வாக்கில் இழுங்கள். நூலையும் இழுத்துக் கட்டாதீர்கள், துணியின் மேல் படிந்தால் போதும். முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, மடித்த டவல் மேல் முகத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் இஸ்திரி. முன்பக்கம் தேய்த்தால் தையல் தட்டையாகிவிடும்.

அட்டையை எப்படிச் செய்வது?

மூன்று மடிப்பு அட்டைதான் சரி. பின்பக்க முடிச்சுகள் மறைய வேண்டுமே.

300 ஜிஎஸ்எம் ஏ4 அட்டையைப் படுக்கவாக்கில் வைத்தால் நீளம் 297, உயரம் 210 மில்லிமீட்டர். உயரத்தை 148க்கு வெட்டுங்கள். நீளத்தை மூன்றாக மடித்தால் ஒவ்வொன்றும் 99. ஆனால் உள்ளே மடிகிற இடது பாகத்தை 1 மில்லிமீட்டர் குறைத்துவிடுங்கள், அப்போதுதான் முட்டிக்கொண்டு உப்பாது. மடிக்க வேண்டிய கோட்டில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேலோடு சேர்த்து அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால் விளிம்பு பிசிறாது.

நடுப் பாகத்தில் ஜன்னல் வெட்ட வேண்டும், 7 சென்டிமீட்டர் வட்டமோ, 65க்கு 85 மில்லிமீட்டர் செவ்வகமோ. புது பிளேடு போட்ட கட்டர், அடியில் தடித்த அட்டை. அட்டையின் உள்பக்கம் நம்மைப் பார்க்கும்படி வைத்து, ஜன்னலைச் சுற்றி இரட்டைப் பக்க டேப் ஒட்டுங்கள். துணியை ஜன்னலைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் அதிகமாக வெட்டி, முகத்தைக் கவிழ்த்து வைத்து ஒட்டுங்கள். அதற்குப் பின்னால் ஜன்னல் அளவுக்கு மெல்லிய பஞ்சு அட்டையோ ஃபெல்ட் துணியோ வைத்தால் முகம் லேசாக முன்னே வரும். அப்புறம் இடது பாகத்தை அதன் மேல் மடித்து ஒட்டினால் பின்பக்கம் மூடிவிடும். வலது பாகம் எழுதுவதற்கு.

தண்ணீர்ப் பசை வேண்டாம். துணியில் ஊறி, உலர்ந்ததும் முகத்தில் கறை வரும்.

துணியே இல்லாமல் அட்டையில் நேராகத் தைக்க முடியாதா?

கோடு மட்டும் தைக்கலாம், நிரப்ப முடியாது. ஊசித் துளைகள் நெருங்கினால் அட்டை தபால்தலை மாதிரி கிழிந்துவிடும். 2 மில்லிமீட்டர் இடைவெளியில் முதலில் எல்லாத் துளையையும் குத்திவிட்டு, இரண்டிழையில் பின் தையல் போடுங்கள். ஒரு பூனையின் முதுகு வளைவும் வாலும் இதில் ரொம்ப நன்றாக வரும். ஒரே மாலையில் முடிந்துவிடும், விலையும் குறைவு.

இது இப்போது வந்த பேஷனா?

இல்லை. முதல் உலகப் போரின்போது பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பெண்கள் மெல்லிய வலைத்துணியில் பட்டு நூலால் பூவும் கொடியும் தைத்துத் தருவார்கள். அதை அட்டையில் பொருத்திப் போர்முனைச் சிப்பாய்களுக்கு விற்பார்கள், அவர்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஜன்னல் வைத்த எம்பிராய்டரி அட்டைக்கு அதுதான் பெரிய காலம். செல்லப் பிராணிகளைத் தைப்பது அதற்கும் முந்தியது. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில், ஓவியர் எட்வின் லேண்ட்சீர் வரைந்த அரண்மனை நாய்களின் படங்களைக் கட்டக் கட்டமாக மாற்றி, கம்பளி நூலில் தைப்பது வீட்டுக்கு வீடு நடந்தது. பூனை என்றால் சீனாவின் சூசோ நகரம். பட்டு இழையையே பல பிரிவாகப் பிளந்து, துணியின் இரண்டு பக்கமும் பூனை தெரியும்படி தைப்பார்கள். அந்தப் பூனையின் முடியைப் பார்த்த பிறகு நம் வேலை நமக்கே பிடிக்காது.

இறந்துபோன நாயின் முடியையும் சேர்த்துத் தைத்துத் தருவீர்களா?

கேட்கிறவரின் மனசு புரிகிறது. ஆனாலும் நான் செய்வதில்லை. ரோமம் வழுக்கும், பிடி நிற்காது. அதோடு ரோமத்தைத் தின்கிற வண்டுப் புழுக்கள் உண்டு, அவை வந்தால் சுற்றியிருக்கிற துணிக்கும் ஆபத்து. கழுவி உலர்த்திய கொஞ்சம் முடியை மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியில் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். அட்டையில் அந்த நாயின் பெயரை மட்டும் தைத்துத் தருவேன். இறந்த தேதி வேண்டாம் என்பது என் கருத்து, வற்புறுத்தினால் தைப்பேன்.

எவ்வளவு நேரம் ஆகும்? என்ன விலை சொல்வது?

புதியவர் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு முகத்துக்கு ஒன்றரை, இரண்டு வாரம். கை பழகினால் அதில் பாதி. விலையை மணிக்கணக்கில் போடுங்கள், நூல் விலையை வைத்துப் போடாதீர்கள். அந்தக் கணக்கு வந்த பிறகு ‘ஒரு கார்டுக்கு இவ்வளவா?’ என்பார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன கோட்டு அட்டை இருக்கிறது.

விற்பதற்குத் தைக்கிறீர்கள் என்றால் படம் வாடிக்கையாளர் எடுத்ததா என்று கேளுங்கள். இணையத்தில் கிடைத்த அழகான நாய்ப் படத்தைத் தைத்து விற்க, எடுத்தவரின் அனுமதி வேண்டும்.

தபாலில் அனுப்பினால் நசுங்காதா?

99க்கு 148 அட்டை, 114க்கு 162 அளவுள்ள சி6 உறையில் பஞ்சோடு சரியாக உட்காரும். ஆனால் அந்த உறையை மட்டும் நம்பி அனுப்ப வேண்டாம். முகத்தின் மேல் ஒரு பட்டர் பேப்பர், இரு பக்கமும் கெட்டி அட்டை, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் கவர், அப்புறம் பெரிய உறை. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரை மறக்கவே கூடாது. ஸ்பீட் போஸ்டில் போட்டு, எண்ணை வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுங்கள். உள் உறையை வெறுமையாக விட மனசில்லை என்றால் ஒரு யோசனை: 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. தபால்தலை சேகரிப்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.